ஆய்வேட்டில் பெயரில்லாத கைகள்

முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி உலோகத்தைப் பற்றியும் இல்லை, இயந்திரத்தைப் பற்றியும் இல்லை. ‘அப்பா என்ன பண்றார்?’ என்பதுதான். ‘ஃபவுண்டரிங்க சார்’ என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்து முகங்களிலும் ஒரு மலர்ச்சி. ‘ஓ, சொந்த ஃபவுண்டரியா? கணபதியா, பீளமேடா?’ ‘இல்லைங்க சார். மோல்டிங் பண்றாருங்க. கூலிக்கு.’ மலர்ந்த முகங்கள் அப்படியே மூடிக்கொண்டன. அதற்கப்புறம்தான் வார்ப்பு எப்படி உறைகிறது, வெப்பம் எப்படிக் கடக்கிறது என்ற கேள்விகள் வந்தன.

எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அது அந்த ஒரு இடத்தின் கோளாறாகப் போய்விடும். ‘அங்க அப்படித்தாம்ப்பா, எங்க டிபார்ட்மெண்ட்ல அதெல்லாம் கிடையாது’ என்று மற்றவர்கள் கை கழுவிக்கொள்வார்கள். அந்த வசதியை யாருக்கும் செய்து தர நான் தயாரில்லை.

இடம் கிடைத்தது. ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. 2009ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் எங்கள் வீதியில் என்ஜினியரிங் காலேஜ் வாசலை மிதித்த பையன்கள் என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுக்காவது ஆள் தேறியது. நான் இங்கே பேச வந்தது உள்ளே போன பிறகு நடப்பதைப் பற்றி. இயந்திரப் பொறியியலில், குறிப்பாக உற்பத்தி முறைகளைப் பற்றிய ஆராய்ச்சியில், எது அறிவு, எது வெறும் வேலை என்று யார் பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றி.

முதலில் மண்ணிலிருந்து தொடங்குகிறேன். இரும்பு வார்ப்புக்குப் பயன்படுகிற பச்சை மணல் என்பது ஆற்று மணலைப் போல வெறும் மணல் கிடையாது. சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், கொஞ்சம் நிலக்கரித்தூள், தண்ணீர் எல்லாம் ஒரு கணக்கில் சேர வேண்டும். தண்ணீர் மூன்று, நான்கு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி, வெளியே போக வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குமிழாக உட்கார்ந்துவிடும். ப்ளோ ஹோல். குறைந்தால் பெட்டியைத் தூக்கும்போதே அச்சு உதிரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழையில்தான் கோயமுத்தூர் பம்பு உலகமே நிற்கிறது.

அப்பா அந்த மயிரிழையை எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்குவார். கையை விரிப்பார். விரல் ரேகை மண்ணில் பதிந்திருக்க வேண்டும், ஆனால் மண் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அப்புறம் இரண்டு பெருவிரலாலும் அதை நடுவில் உடைப்பார். உடைந்த இடம் கத்தி போட்ட மாதிரி இருக்க வேண்டும். ‘இன்னும் ஒரு அரை மக்கு தண்ணி தெளிங்கடா’ என்பார், இல்லாவிட்டால் ‘போதும், இடிக்கலாம்’ என்பார். அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் இதைச் செய்திருக்கிறார்.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்த மண்ணைத்தான். பழைய மணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது வார்ப்பில் குறை எப்படிக் கூடுகிறது என்பது தலைப்பு. ஆய்வகத்தில் முறை வேறு. ஐம்பது கிராம் மண்ணை நிறுத்து, 105 டிகிரியில் காயவைத்து, மறுபடி நிறுத்து, வித்தியாசத்தைக் கணக்குப் போட வேண்டும். ஒரு விடுமுறையில் அப்பாவை அந்தப் பட்டறையிலேயே நிற்கவைத்து, அவர் ‘சரி’ என்று சொன்ன மண்ணையும் ‘ஆகாது’ என்று சொன்ன மண்ணையும் தனித்தனிப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு பைகள். ஆய்வகத்தில் காயவைத்துப் பார்த்தபோது ‘சரி’ என்று அவர் சொன்னவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒரே ஒரு பை விலகியிருந்தது. அது நான் முடிச்சுப் போடாமல் பஸ்ஸில் கொண்டுவந்த பை.

இதை ஒரு அத்தியாயமாக எழுதினேன். மோல்டரின் கைச் சோதனைக்கும் ஆய்வக அளவுக்கும் உள்ள உறவு. வழிகாட்டி அதை மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு. ‘இது சயின்ஸ் இல்லப்பா. எமோஷனா எழுதியிருக்க. உங்க அப்பா மேல மரியாதை இருந்தா நன்றியுரையில போட்டுக்கோ.’ குழுவில் இருந்த இன்னொருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘நாளைக்கு ஒருத்தன் எங்க அம்மா ரசம் வைக்கிற கைப்பக்குவம்னு தீசிஸ் எழுதுவான்.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது.

அத்தியாயம் போனது. ஆனால் பாருங்கள், அந்த மண் போகவில்லை! என் சோதனைகளுக்கான அச்சுகள் எல்லாமே அப்பா பதம் பார்த்த மண்ணில் செய்தவை. அது ஆய்வேட்டில் எப்படி இடம்பெற்றது என்றால், ‘ஈரப்பதம் 3.6 சதவீதமாகப் பராமரிக்கப்பட்டது’ என்று. யாரால்? செயப்பாட்டு வினைக்கு எழுவாய் தேவையில்லை. நம்முடைய பொறியியல் ஆய்வேடுகள் எல்லாமே இந்தச் செயப்பாட்டு வினையில்தான் எழுதப்படுகின்றன. மாதிரிகள் தயாரிக்கப்பட்டன. பரப்பு மெருகூட்டப்பட்டது. உலை சூடாக்கப்பட்டது. இதைப் புறவயமான மொழி என்கிறார்கள். இங்கே இந்தப் புறவயம் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்துகொடுக்கிறது. செய்தவனின் கையை வெட்டி எடுத்துவிட்டு, செய்த பொருளை மட்டும் மேசைக்குக் கொண்டுவருகிறது. ஊருக்குள் பறை சத்தம் வரலாம், அடிக்கிறவன் திண்ணையில் ஏறக் கூடாது என்ற அதே ஏற்பாடு.

சரி, எது ‘சயின்ஸ்’ என்று பார்ப்போம்.

எம்.இ. ப்ராஜெக்ட் அறிக்கைகள் அடுக்கிவைத்திருக்கிற எந்தத் துறை நூலகத்துக்கும் போய், ஒரு பத்தை உருவிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே கதையாக இருக்கும். ஒரு இரும்புத் தண்டு அல்லது அலுமினியத் தண்டு. லேத்தில் கடைசல். வேகம், ஃபீடு, வெட்டும் ஆழம் என்று மூன்று காரணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கையும் செய்தால் இருபத்தேழு சோதனை வரும். டகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளரின் அட்டவணையை வைத்தால் ஒன்பதோடு முடித்துவிடலாம். ஒன்பது தண்டு கடைந்து, பரப்பின் சொரசொரப்பை மைக்ரானில் அளந்து, கம்ப்யூட்டரில் போட்டு, எந்தக் காரணிக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று வட்டப்படம் வரைந்தால் பட்டம். முடிவுரையில் என்ன இருக்கும்? ஃபீடு குறைந்தால் பரப்பு வழவழப்பாகிறது என்று இருக்கும். அடப் பாவிகளா, இதை ஐ.டி.ஐ.யில் சேர்ந்து இரண்டாவது மாதம் ஆகிற பையன் சொல்வானே! டகுச்சி முறையில் பிழையில்லை. தொழிற்சாலையில் செலவைக் குறைக்க ஒருவர் யோசித்து உண்டாக்கிய நல்ல கருவி அது. அதை வைத்துக்கொண்டு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி மறுபடி கண்டுபிடிப்பதுதான் இங்கே ‘தகுதி’யாக உலா வருகிறது.

அந்த ஒன்பது தண்டைக் கடைந்தது யார் என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. ஆய்வு மாணவர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு இரண்டு முழம் தள்ளி நிற்பார். லேத்தை ஓட்டுவது வொர்க் ஷாப் டெக்னீசியன். டூலைத் தீட்டுவது அவர். தண்டு அதிரும்போது சத்தத்தை வைத்தே ‘சார், தாங்கல, ஓவர்ஹேங்கைக் குறைச்சுப் புடிக்கிறேன்’ என்று நிறுத்துவது அவர். அவர் நிறுத்தியிருக்காவிட்டால் ஏழாவது சோதனையின் எண் குப்பையாகப் போயிருக்கும். கட்டுரை வெளிவரும்போது வழிகாட்டி பெயர் இருக்கும், துறைத்தலைவர் பெயர் இருக்கும், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவர் பெயரும் இருக்கும். டெக்னீசியனுக்கு ஒரு டீ. எங்கள் வொர்க் ஷாப்பில் அப்படி இருந்த அண்ணன் எங்கள் ஆள்தான் என்பதை நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னார். அதுவும் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில்.

இந்த ஆராய்ச்சித் துறையே எப்படிப் பிறந்தது என்று யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ஃப்ரெடரிக் டெய்லர் வசதியான வீட்டுப் பிள்ளை. பட்டறையில் சேர்ந்து பேட்டர்ன் வேலையும் கடைசல் வேலையும் பழகியவர். 1880ல் மிட்வேல் எஃகு ஆலையில் உலோகம் வெட்டும் சோதனைகளைத் தொடங்கி, இருபத்தாறு வருடம் விடாமல் நடத்தி, 1906ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். வேகம் கூடினால் டூலின் ஆயுள் எவ்வளவு குறையும் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற சமன்பாடு அவர் பெயரில்தான் இருக்கிறது. பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் நோக்கம் என்ன? தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் இருக்கிற அறிவை நிர்வாகம் திரட்டி, விதியாகவும் சூத்திரமாகவும் மாற்றித் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. 1911ல் வந்த அவருடைய நூலிலேயே இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். நம்ம ஆட்களைப் போல அவர் செயப்பாட்டு வினையில் மறைக்கவில்லை, அந்த மட்டும் நேர்மை.

அதே 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு ஆள் வந்து பக்கத்தில் நின்றபோது ஒரு தொழிலாளி வேலை செய்ய மறுத்தார். அவரை வெளியே அனுப்பினார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். யார் தெரியுமா அவர்கள்? மோல்டர்கள். எங்கப்பன் தொழில்! விஷயம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை வரைக்கும் போய், டெய்லரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். 1915ல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளப்பதற்குப் பணம் தர முடியாது என்று அந்த நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதியது. அங்கே மோல்டர் ‘என் கையை அளக்காதே’ என்று சொல்ல முடிந்தது. இங்கே என் அப்பா அதைச் சொல்லவில்லை. பையன் படிக்கிறான் என்று இருபத்திரண்டு தடவை மண்ணைப் பிடித்துக் காட்டினார். எடுத்துக்கொண்டு போனது அவர் மகன். எனவே இந்தக் கட்டுரையில் திட்டுகிற திட்டில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

இதைப் படிக்கிற சில தமிழ்ப் பெருமைக்காரர்கள் உடனே கிளம்பி வருவார்கள், தெரியும். ‘நம்ம முன்னோர் உருக்கு செஞ்சாங்க, கொடுமணல்ல உலை கிடைச்சிருக்கு, ஃபாரடேவே நம்ம உருக்கை ஆராய்ஞ்சார்’ என்று. ஆமாம், ஃபாரடே 1819ல் ஆராய்ந்தார். அந்த எஃகின் மேன்மைக்குக் காரணம் அதில் கலந்திருக்கிற அலுமினியம்தான் என்று தவறாகவும் நினைத்தார். அது கிடக்கட்டும். உலைக்குக் காற்று எப்படிப் போனது? துருத்தியால். துருத்தி எதனால் ஆனது? தோலால். செத்த மாட்டையும் ஆட்டையும் உரித்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தித் தைத்த கை இல்லாமல் எந்த உலையிலும் எஃகு உருகியிருக்காது. உருக்குப் பெருமை பேசுகிற எவனாவது இந்தத் தோலைப் பற்றி ஒரு வரி பேசியிருக்கிறானா? பேச மாட்டான். தோலைத் தொட்டால் தீட்டு. அது ஊதின காற்று மட்டும் ஆகும்.

எங்கள் கொங்கு நாட்டில் இதற்கு இன்னும் கிட்டத்துச் சாட்சி இருக்கிறது. கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், சாலுக்கு அடியில் மாட்டுகிற தோல் தும்பியைத் தைத்துக் கொடுத்தவர்கள் எங்கள் தாத்தாக்கள். தண்ணீர் ஒழுகாமல் தோலை மூட்டும் அந்தத் தையல் இல்லாவிட்டால் பண்ணையமே கிடையாது. அதற்குக் கூலி களத்தில் அள்ளிப் போடுகிற தானியம். 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, பிறகு மோட்டார் பம்பு வந்தது, கவலை போனது. தோல் தைத்த குடும்பங்களிலிருந்து ஆட்கள் எங்கே போனார்கள்? அந்தப் பம்புக்கு உடம்பு வார்க்கிற ஃபவுண்டரிக்குப் போனார்கள். தண்ணீர் தூக்கும் இயந்திரம் மாறியது. அதற்குள் இருந்த கை மாறவில்லை. இந்த வரலாற்றை எந்த உற்பத்திப் பொறியியல் பாடப்புத்தகத்தில் தேடுவது?

இதனால் பழைய தொழிலுக்குப் போவோம், கைவினை வாழ்க என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மேட்டுக்குடிகளின் பொழுதுபோக்கு. நமக்குத் தோல் தொட்டி வேண்டாம், சிலிக்கா தூசு வேண்டாம். ஆய்வகம் வேண்டும். ஃபாரடேவின் அப்பா கொல்லர். மகன் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் எடுபிடியாக இருந்து, 1813ல் லண்டன் ராயல் நிறுவன ஆய்வகத்துக்குள் நுழைந்தவர். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். ஆனாலும் கொல்லன் மகனுக்கு அந்தக் கதவு ஒரு தடவை திறந்தது. இங்கே அது எவ்வளவு திறந்திருக்கிறது? 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்களில் தலித்துகள் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். மத்திய அரசே கொடுத்த கணக்கு. இருக்க வேண்டியது 15ம், 7.5ம். 2020ல் மத்திய அரசு போட்ட ஐ.ஐ.டி. இயக்குநர் ஒருவர் தலைமையிலான குழு என்ன பரிந்துரைத்தது? ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்தே ஐ.ஐ.டி.களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று! ஆய்வு மாணவனாகவும் வராதே, வராததால் ஆசிரியராகத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறோம். வட்டம் எவ்வளவு அழகாக மூடுகிறது!

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தவர். 1942ல் வைஸ்ராயிடம் கொடுத்த கோரிக்கை மனுவில், நம் பிள்ளைகளுக்கு அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்குத் தனியாக உதவித்தொகை வேண்டும், வெளிநாடு அனுப்பிப் படிக்கவைக்க வேண்டும் என்று கேட்டார். அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் அப்ரண்டிஸ் இடம் கேட்டார். பட்டறையையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே மனுவில் வைத்த மனிதர். நம் இயக்கங்கள் அவரிடமிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்டன, அரசியலை எடுத்துக்கொண்டன. இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. நம் பத்திரிகைகளிலும் கவிதை வருகிறது, சுயசரிதை வருகிறது, வரட்டும். லேத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை. என்ஜினியரிங் என்றால் நமக்கு வேலை, சம்பளம், வீட்டு லோன். அறிவை யார் வைத்திருக்கிறார்கள் என்ற சண்டையை இலக்கியத்தில் போடுகிற நாம், ஆய்வகத்தில் வாயைப் பொத்திக்கொள்கிறோம்.

வாயைப் பொத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மலக்குழியைவிட வேறு சாட்சி வேண்டுமா? இயந்திரப் பொறியாளராகப் பேசுகிறேன், கேளுங்கள். வாய் ஒரு ஆள் நுழையும் அளவு. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன். அடியில் இறுகிப்போன கசடு. அது தண்ணீரைப் போலவும் ஓடாது, மண்ணைப் போலவும் நிற்காது, தள்ளுகிற விசைக்கு ஏற்ப அதன் பாகுத்தன்மை மாறும். இதை வெட்டிக் கலக்கி மேலே உறிஞ்ச ஒரு கருவி வேண்டும். குறுகிய வாய் வழியாகச் சுருங்கி உள்ளே போக வேண்டும், போனதும் விரிய வேண்டும், அரிக்கக் கூடாது, பொறி பறக்கக் கூடாது. பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், எந்திரன் வடிவமைப்பு, உற்பத்தி முறை என்று ஒரு துறையின் நான்கு பிரிவுக்கும் பத்து வருடத்துக்கு வேலை இருக்கிறது. இதைவிட நல்ல முனைவர் பட்டத் தலைப்பு எது?

1993ல் மலம் அள்ளவைப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 2013ல் இரண்டாவது சட்டம். 2014ல் உச்சநீதிமன்றம் குழியில் செத்தால் பத்து லட்சம் என்றது, 2023ல் முப்பது லட்சம் என்றது. கேரளத்து இளைஞர்கள் செய்த ‘பேண்டிகூட்’ இயந்திரம் 2018ல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. சென்னை ஐ.ஐ.டி. இயந்திரப் பொறியியல் துறையில் ஒரு முதுகலை மாணவரின் இறுதியாண்டு வேலையாகத் தொடங்கிய ‘ஹோமோசெப்’ 2022ல் களத்துக்கு வந்தது. செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஐ.ஐ.டி. தொடங்கிய வருடம் 1959. நடுவில் போன அறுபது வருடத்தில் எத்தனை ஆயிரம் தண்டுகள் கடையப்பட்டன, எத்தனை சொரசொரப்புகள் அளக்கப்பட்டன! ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயத்தில் ‘ஆய்வு இடைவெளி’ என்று ஒரு பகுதி எழுதியே ஆக வேண்டும். இதுவரை யாரும் செய்யாதது எது என்று காட்ட வேண்டும். தெருவுக்குத் தெரு வாய் பிளந்து கிடந்த குழி இவர்கள் கண்ணுக்கு இடைவெளியாகத் தெரியவில்லை. அதை அடைக்கத்தான் ஏற்கெனவே ஆள் இருந்ததே!

நான் பட்டம் வாங்கிவிட்டேன். ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அப்பா வேலைக்குப் போவதில்லை. மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் நிற்கிறார். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்று கேட்டார். நேர்முகத் தேர்வில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை ஃபவுண்டரி சொந்தமா என்று கேட்கவில்லை.

இப்போது என்னிடம் ஒரு மாணவி ஆய்வு செய்கிறாள். எங்கள் வீதிக்கு அடுத்த வீதி, அவள் அம்மா ஃபெட்லிங் பிரிவில் பிசிறு தட்டுகிறவர். வார்ப்பைத் தட்டிச் சத்தத்தை வைத்து உள்விரிசல் கண்டுபிடிப்பது அவள் தலைப்பு. தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து அலைவரிசையைப் பிரித்துப் பார்க்கிறாள். எது நல்ல சத்தம், எது விரிசல் சத்தம் என்று காது வைத்துச் சொன்ன ஆறு பெண்களின் பெயரையும் சோதனை முறை அத்தியாயத்தில் முழுப் பெயராக எழுதியிருக்கிறாள். இரண்டு பேரைக் கட்டுரையின் ஆசிரியர்களாகவும் சேர்த்திருக்கிறாள். குழு போன மாதம் கூடியது. பெயர்களை எடுத்துவிட்டு ‘ஆபரேட்டர் 1, ஆபரேட்டர் 2’ என்று போடச் சொன்னது. ‘இவங்களோட கல்வித் தகுதி என்ன?’ என்று ஒருவர் கேட்டார். ‘ரிஜெக்ட் ஆகாத வார்ப்புங்க சார்’ என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

மாற்ற முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடிதத்தில் எழுவாய் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.